எவால்டின் ஆந்தை

கத்திகளுக்குப் பேர்போன சோலிங்கன் நகரில் சவரக்கத்திக்குக் கடைசிக் கூர் ஏற்றுவதில் எவால்டுக்குத் தனிப் பெயர் இருந்தது. ஈரக்கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, தன் கை மயிரில் வைத்துப் பார்ப்பார். மயிர் தானாக உதிர்ந்தால்தான் கத்தியில் தன் அடையாளமான சின்ன ஆந்தையை அச்சு வைத்து அமிலத்தால் பொறிப்பார். விற்பனையைத் தங்கை கணவன் கூனோ பார்த்துக்கொண்டான்.

ஒரு திங்கட்கிழமை பக்கத்து நகரமான கொலோனிலிருந்து தைஸ் என்ற முடிதிருத்துபவர் வந்து, ஒரு கத்தியை மேசையில் வைத்தார்.

"உங்க ஆந்தைதானே இது? வாடிக்கையாளர் கன்னத்தைப் பிறாண்டி வெச்சுடுச்சுய்யா."

எவால்ட் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஆந்தை அவருடையதேதான். ஆனால் விளிம்பு ரம்பம் போலிருந்தது. யாரோ இயந்திரத்தில் அவசரமாகத் தேய்த்தது. ஆந்தை அச்சு இருக்கும் இழுப்பறைக்கு இன்னொரு சாவி கூனோவிடம்தான் உண்டு. எவால்ட் அந்தக் கத்தியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பதிலுக்குத் தான் தினமும் சவரம் செய்யும் கத்தியைத் தைஸிடம் கொடுத்தனுப்பினார்.

ஞாயிறன்று கூனோவும் தங்கை இர்ம்கார்டும் வழக்கம்போல் காபிக்கு வந்தார்கள்.

"மாப்ள, உக்காரு. நானே வழிச்சுவிடறேன்."

கூனோ சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். எவால்ட் அவன் முகமெல்லாம் நுரை தடவி, தைஸ் கொண்டுவந்த கத்தியை விரித்தார். கூனோ அதை அடையாளம் கண்டு, சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அது வேணாம். நல்லதா ஒண்ணு எடுங்க."

"ஏன், இதுலயும் என் ஆந்தை இருக்கே?"

கூனோ தலைகுனிந்தான். "நீங்க ஒரு நாளைக்குப் பன்னெண்டுதான் தீட்டறீங்க. கடைக்காரங்க நூறு கேக்கறாங்க. நான் என்ன பண்றது?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

எவால்ட் தங்கையைப் பார்த்தார். அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுமா, இர்ம்கார்ட்?"

"சொன்னா நீ தாங்கமாட்டேன்னுதான், அண்ணா..."

கூனோவின் துரோகத்தைக்கூட அவர் ஒருவாறு விழுங்கியிருப்பார். இந்தக் கரிசனம்தான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. "ரெண்டு பேரும் கிளம்புங்க" என்றார். கூனோ தன்னிடமிருந்த சாவியை மேசையில் வைத்துவிட்டு, நுரையைத் துடைத்தபடியே படியிறங்கினான்.

ஆந்தை போட்ட கத்திகளைத் திருப்பி அனுப்பும்படி தெரிந்த முடிதிருத்துபவர்களுக்கெல்லாம் எவால்ட் கடிதம் எழுதினார். வந்தவற்றில் பாதிக்குமேல் போலி. குளிர்காலம் முழுக்க அவற்றை ஒவ்வொன்றாகத் தீட்டி அனுப்பினார். கோபத்தில் முதல் சில கத்திகளின் விளிம்பை அவரே கெடுத்தும்விட்டார்.

இதற்கிடையே கிறிஸ்துமஸுக்கு இர்ம்கார்ட் தனியாக வந்தாள். எவால்ட் காபி போட்டுக் கொடுத்தார். பனியைப் பற்றிப் பேசினார்கள். அவள் இருக்கும்வரை இழுப்பறைச் சாவி அவர் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.