எர்ணாவூரில் பல் போன சவரக்கத்தி

காலை ஏழு மணிக்கு ராயபுரத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். முந்தைய இரவு நடைமேடையில் படுத்ததில் கொசு ஒரு காதை மட்டும் நன்றாகக் கடித்திருந்தது. விம்கோ நகரில் இறங்கி, கன்டெய்னர் லாரிகளின் வரிசையை ஒட்டியே எர்ணாவூர் குடியிருப்புக்கு நடந்தேன்.

குமாரைப் பார்க்கத்தான் போனேன். அவர் கன்டெய்னர் யார்டில் வெல்டர். பழைய சவரக்கத்திகளை வாங்கித் துரு நீக்கிப் பளபளப்பாக்குவது அவருடைய பொழுதுபோக்கு. போன ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் கடையில் கைப்பிடி உடைந்த ஒரு கத்தியை அவர் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நின்னுகினு கேட்டா எப்டி? வூட்டுக்கு வா நைனா" என்றார்.

மூன்றாவது மாடி நடைபாதையில் ஒரு முக்காலி, வாளித் தண்ணீர், சாணைக்கற்கள். கத்திகள் எல்லாம் எண்ணெய்த் துணிக்குள் இருந்தன. கடல் காற்றும் ஆலைக் காற்றும் கலக்கும் இடம். வெளியே வைத்தால் மறுநாளே செம்புள்ளி விழுந்துவிடுமாம்.

பக்கத்து வீட்டு தேசம்மா கையில் ஒரு கத்தியோடு குமாரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அது அவர் கணவர் ஆறுமுகத்தின் கத்தி. ஆறுமுகத்தின் அப்பா வைத்திருந்தது. விசைப்படகில் போயிருந்த ஆறுமுகம் அன்று காலை கரை திரும்புகிறார். வந்ததும் முதல் வேலை தாடியை எடுப்பதுதான். தேசம்மாவோ அந்தக் கத்தியால் நைலான் வலைநூலை அறுத்திருந்தார். கூர் விளிம்பின் நடுவில் இரண்டு இடத்தில் பல் போயிருந்தது.

"அவசரத்துக்கு வேற கத்தி கெடைக்கல" என்றார்.

"இது நூல் அறுக்குற கத்தியாக்கா?"

"இல்லன்னு இப்ப தெரிஞ்சிட்சில்ல? பேசாம தேய்யி. பல்லு மட்டும் சரியானா போதும். மினுக்காத. கண்டுபுட்சிடுவாரு."

குமார் சொரசொரப்பான கல்லில் தண்ணீர் விட்டுக் கத்தியின் கூர்வாயைத் தேய்த்து நேராக்கினார். பிறகு கத்தியைப் படுக்கப் போட்டு, முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லைத் தொடும்படி இழுத்தார். யார்டில் சாணை மெஷின் இருக்கிறதே என்றேன். "சூடு ஏறுனா எஃகு செத்துடும். மொதக் கத்தியை அப்டித்தான் கொன்னேன்" என்றார். அடுத்து மென்மையான கல், கடைசியாகத் தோல் பட்டை.

வேலை முடிந்தது. தேசம்மா டீ போட உள்ளே போனார். குமாரின் கை தானாக உப்புத்தாளுக்குப் போனது. "கொஞ்சூண்டு" என்றார் என்னிடம்.

தேசம்மா திரும்பியபோது கறுத்துக் கிடந்த கத்தியில் அவர் முகமே தெரிந்தது.

"அடப்பாவி! கலீஜா இருந்தாதான்டா அது அவரு கத்தி!"

மறுபடி கறுப்பாக்க நேரமில்லை. படியில் ஆறுமுகத்தின் குரல் கேட்டது. மீன் பையை வைத்தார், சோப்பு நுரை பூசினார், கத்தியை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வழக்கம்போல் அழுத்தி இழுத்தார். தாடையில் ரத்தம்.

"இன்னாடி, கத்தி கடிக்குது?"

"நூல் அறுத்தேன். பல்லு போச்சு. இவன் சரி பண்ணான். கத்துறதுன்னா ரெண்டு பேரையும் சேத்துக் கத்து."

ஆறுமுகம் வெட்டில் படிகாரத்தை வைத்து அழுத்தினார்.

"அழுத்தாத மாமு. கத்தியோட கனமே போதும்" என்றார் குமார், எட்ட நின்றபடி.

ஆறுமுகம் கத்தியை விரல் நுனியில் பிடித்து மெதுவாக இழுத்தார். கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "எங்கப்பன்கூட இப்டி வழிச்சதில்ல" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "அதுக்காவ இன்னொருவாட்டி தொட்டே..." என்று தொடங்கி, நுரை வாய்க்குள் போனதால் நிறுத்தினார்.

எங்கள் ஊரில் கத்தி மழுங்க மழுங்க இன்னும் அழுத்துவோம். கூர் வந்தபின் கையும் மாற வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. ஐம்பதை நெருங்கும் அந்த மனிதர் சவரத்தை மறுபடி முதலிலிருந்து பழகிக்கொண்டிருந்தார். நான் படியிறங்கும்போது தேசம்மாவின் குரல் கேட்டது:

"காதாண்ட கொஞ்சம் முடி கீது பாரு. மெதுவா."