விஜயதசமியன்று முப்பது கிலோ

எனக்கு ஐம்பத்தாறு வயது. ஸ்நாட்ச் தூக்குகிறேன். தரையில் கிடக்கும், எடை மாட்டிய இரும்புப் பாரை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்துவது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கிய காலத்தில் தூக்கினேன். பிறகு கல்யாணம், பிள்ளை, ஆபீஸ் என்று விட்டுப்போயிற்று. ரிடையர்மென்ட் நெருங்கும்போது திரும்ப வந்தேன். இந்த வயதில் ஒரு பெண் எடை தூக்கினால் ஊரில் மற்றவர்களுக்கு என்ன கஷ்டமோ தெரியவில்லை.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கிளப். கோச் கொடுப்பது இருபது வயதுப் பையனுக்கான திட்டம். வாரம் ஆறு நாள், தினமும் கனம். எனக்கும் அதையே கொடுத்தார். நான் அதை வெட்டிக் குறைத்தேன். வாரம் மூன்று நாள் போதும். கனமான எடை எப்போதாவதுதான். முட்டி வலிக்கிற நாளில் முழுக்க உட்காராமல் பாதி குனிந்த நிலையிலேயே பாரைத் தலைக்கு மேல் பிடிப்பேன். தோள் சூடாகிற வரை பாரைத் தொட மாட்டேன். இது சோம்பேறித்தனம் இல்லை. இப்படி மாற்றிய பிறகுதான் நான் தூக்கும் எடையே ஏறியது.

ஆயுத பூஜைக்குப் பாருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போடுவோம். அன்று யாரும் தொடுவதில்லை. மறுநாள் விஜயதசமிக்கு ஒவ்வொருவரும் தன்னால் முடிந்த பெரிய எடையைத்தான் முதலில் தூக்க வேண்டும். அப்போதுதான் வருஷம் விளங்குமாம். போன வருஷம் நானும் தூக்கினேன். தோளில் தசை கிழிந்தது. வயதில் மூத்தவர்களுக்கான மாநில மாஸ்டர்ஸ் போட்டியை வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். மாதக்கணக்கில் சொந்தத் தலையைப் பின்ன முடியவில்லை. கோச் ஒரே ஒரு முறை பேசினார். "கண்ணு பட்டிருக்கும்கா" என்றார்.

இந்த வருஷமும் போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னால் விஜயதசமி வந்தது. என் திட்டத்தில் அன்றைக்கு முப்பது கிலோ. அதைத்தான் மாட்டினேன்.

"இன்னைக்குப் போயி முப்பதாக்கா? இன்னைக்கு லேசா தூக்குனா வருஷம் பூரா லேசாத்தான் போவும்" என்றார் கோச்.

"போவட்டும். தோள் என்னுது."

வரிசையில் நின்ற ஒருவன், "இன்னா ஆன்ட்டி, பூஜை போட்டதுல பாரு வெயிட் ஏறிடுச்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"உன் வாயிதான்டா வெயிட்டா கீது. அத ஓரமா வெச்சிட்டு வா."

இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். கோச்சுக்கு அது பொறுக்கவில்லை.

"இங்க ஒரு பழக்கம் இருக்கு. அத மதிக்காதவங்க பேர நான் போட்டிக்கு அனுப்ப மாட்டேன்."

கிளப் அனுப்பினால்தான் பெயர் ஏறும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அது தெரிந்துதான் சொன்னார்.

"போன வருஷம் மதிச்சேனே. ஸ்கேன் எடுக்கக் கூட வந்தீங்களா?"

 கிளப்பில் ஒரே ஒரு தூக்கும் மேடைதான். முப்பது கிலோவை என் திட்டத்தில் எத்தனை தடவையோ அத்தனை தடவையும் தூக்கினேன். நடுநடுவே மேடையிலேயே உட்கார்ந்து நிதானமாக மூச்சு வாங்கினேன். பெரிய எடை தூக்க வந்த அத்தனை பேரும் காத்து நின்றார்கள். முடித்ததும் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் அடையாறில் இன்னொரு கிளப்பில் சேர்ந்தேன். அங்கே கோச் ஒரு பெண். தோள் கிழிந்த கதையைச் சொன்னேன். "தோளை எந்த அளவுக்குத் தூக்க முடியுது, காட்டுங்க" என்றுதான் முதலில் கேட்டார். வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கிளப்பிலிருந்து என் பெயரைப் போட்டிக்கு அனுப்பிவிட்டார்கள்.

போட்டிக்கு மயிலாப்பூர்க்காரரும் தன் ஆட்களோடு வருவார். வரட்டும்.