அக்கரை என்னும் சொல்

அண்ணன் கொழும்புக்குத் தோணியேறிய நாளைப் பற்றி எங்கள் வீட்டில் பல கதைகள் உலவுவதால், நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

இலங்கை விடுதலை பெற்ற ஆண்டு அது. கொழும்பிலிருந்த தம் கடையை விற்பதா, நடத்துவதா என்று தெளியாமலே அண்ணன் தூத்துக்குடித் துறையில் நின்றார். கொழும்பை நாங்கள் ‘அக்கரை’ என்றே சொல்லிவந்தோம். அன்று சுங்க அலுவலர் அதை ‘வெளிநாடு’ என்றார்.

“கெழக்க போற கப்பலெல்லாம் கொழும்பத் தொட்டுத்தானே போவுது? கடை நிக்கும், அண்ணாச்சி” என்றார் தோணி ஓட்டும் தண்டல்.

“கடை நிக்கும்வே. புது சர்க்காருல என்னைய நிக்க விடுவானுவளா?”

தண்டல் சிரித்தார். அண்ணன், போய் நின்றே பார்ப்பதாகவும் கடையை விற்கப்போவதில்லை என்றும் சொன்னார்.

“அக்கரைக்குப் போயிட்டு வாரேன்” என்று வழக்கம்போல் விடைபெற்றார். ‘அக்கரை’ என்ற சொல்லை நம்பிச் சொன்னாரா, எங்களைத் தேற்றச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது.