மலைப்பக்கம் உதித்த வெயில்

அனுசியாவுக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் 'வீட்டுக்கு மேக்கப் போடுதவ'. வைத்தவர் இன்ஜினியர் பாண்டியராஜ். தென்காசியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அவருடைய அலுவலகம். அவர் கணினியில் சுவர், தூண், படி என்று ஒரு வீட்டை நிறுத்திக் கொடுப்பார். பார்க்கச் சாம்பல் நிற அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும். அனுசியா அதை ரெண்டரிங் மென்பொருளுக்குக் கொண்டுபோய், சுவருக்குப் பூச்சும் தரைக்கு டைல்ஸும் போட்டு, வெயிலையும் நிழலையும் விழவைத்து, கட்டாத வீட்டைக் கட்டி முடித்துப் படம் பிடித்த மாதிரி காட்டுவாள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர்கள் சரி என்பார்கள். வரைபடம் எத்தனை பேருக்குப் புரிகிறது?

அவள் பக்கத்து ஊரான இலஞ்சிக்காரி. சிவில் டிப்ளமோ முடித்துச் சென்னையில் வேலை பார்த்தாள். போலீஸ்காரன் முத்துச்செல்வத்தைக் கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பினாள். அவனுக்குப் பாதி நாள் பந்தோபஸ்து. மாமனார் சொரிமுத்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்தபோது, அவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிட்ட நேரம் போக மிச்ச நேரத்தில் யூடியூப் பார்த்துப் படித்த வேலை இது. மாமனார் பிறகு எழுந்து நடக்கவில்லை. ஆனால் முதுகில் ஒரு புண் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அது லேசான காரியமில்லை என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வீட்டைக் கொண்டுபோவதும் வீடு மாறுகிற மாதிரிதான். எதையாவது பழைய இடத்தில் விட்டுவிட்டு வந்துவிடும். ஒருநாள் கதவின் கைப்பிடி வராது. ஒருநாள் அடி, மில்லிமீட்டர் குழப்பத்தில் கைகழுவும் தொட்டி தண்ணீர்த் தொட்டி அளவுக்கு வந்து ஹாலை அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கோளாறு, சரிசெய்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத கோளாறு ஒன்று முகம்மது சலீமின் வீட்டில் வந்தது.

சலீம் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். அவருடைய தாயார் அலிமாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. மனைவி முஹ்ஸினாதான் பார்த்துக்கொள்கிறாள். வாடகை வீடு, ஆள் ஒதுங்கிப் போகிற குறுகிய முடுக்குக்குள் இருக்கிறது. வெயில் எட்டிப்பார்க்காது. இலஞ்சி போகிற வழியில் மனை வாங்கி, வீடு கட்டும் வேலையைப் பாண்டியராஜிடம் ஒப்படைத்தபோது சலீம் வாட்ஸப்பில் அனுசியாவிடம் பேசி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்.

"தங்கச்சி, உம்மா ரூம்ல காலை வெயில் கட்டில்ல வந்து விழணும். மத்ததெல்லாம் ஒங்க இஷ்டம்."

விழுந்தது. பார்த்தால் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருக்கும் படம். சலீம் தம்மாமில் தன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். முஹ்ஸினா அதை அச்செடுத்து மாமியார் படுத்திருக்கும் பக்கத்துச் சுவரில் ஒட்டினாள். அவளுக்கு ஒரே ஒரு குறைதான்.

"யக்கா, மாமி ரூம் ஜன்னலுக்கு வெளிய ஒருத்தி அரை டவுசரோட ஓடுதாளே, யாரு அவ?"

மென்பொருளோடு வருகிற ஆட்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். வீட்டுக்கு உயிர் வரட்டுமே என்று அனுசியா நிறுத்தியிருந்தாள். சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டாள்.

மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. திங்கட்கிழமை அஸ்திவாரத்துக்குத் தோண்ட வேண்டும். அந்த வாரம் சலீம் இன்னொன்று கேட்டார்: அந்த ஜன்னலில் மலையும் தெரிந்தால் நன்றாக இருக்குமே. நல்ல யோசனை என்று அனுசியா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மனைக்குப் போனாள். ஜன்னல் வரப்போகும் இடத்தில் நின்று மலையை ஒரு படம் எடுத்துவந்து வெளியே ஒட்டினால் முடிந்தது.

ஆனி மாதம். அலிமாவின் அறைக்கான கோட்டுக்குள் நின்று போனைத் தூக்கினாள். மலை சரியாக நடுவில் வந்தது, உச்சியில் மேகம். எடுப்பதற்குள் சாரல் முகத்தில் அடித்தது. போனைச் சேலையில் துடைத்தாள். மறுபடி தூக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மலை மேற்கே இருக்கிறது. சூரியன் அதற்குப் பின்னால் போய் விழும். இந்தப் பக்கத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அந்த மலையிலிருந்து காலை வெயிலை வரவைத்திருக்கிறாள் இலஞ்சியில் பிறந்தவள்.

எப்படி நடந்தது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. வீட்டைக் கொண்டுவந்தபோது சுவர் வந்தது, கதவு வந்தது, வடக்கு எது என்பது மட்டும் வரவில்லை. அவளும் தேடவில்லை. சூரியனைத் திருப்ப ஒரு சக்கரம் உண்டு. அதைக் கையால் திருப்பி, கட்டிலில் வெயில் அழகாக விழுந்த இடத்தில் விட்டிருந்தாள். அந்த அறைக்குக் காலை வெயில் ஒருநாளும் வரப்போவதில்லை. வரப்போவது சாரலும், கோடையில் சாயங்கால வெக்கையும்தான்.

பாண்டியராஜ் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். பிளானை மாற்றுவதென்றால் அவருக்கும் எல்லாம் முதலிலிருந்துதான்.

"படம்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும் அனுசியா. பாலு காய்ச்ச வாரவன் கட்டில்ல கைய வச்சு வெயில தேடவா போறான்?"

"அவரு தேடமாட்டாரு அண்ணாச்சி. அந்தப் பெரியம்மா தேடுவாங்க. அவங்களுக்கு வேற என்ன வேலை?"

பாண்டியராஜ் பழைய பிளானைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு, "போய்ச் சொல்லு. மாத்தணும்னா வரைஞ்சு தாரேன். ஏச்சு ஒனக்குத்தான்" என்றார்.

வெள்ளிக்கிழமை சலீமுக்கு விடுமுறை. அனுசியா முடுக்கு வீட்டுக்குப் போய், அலிமாவின் கட்டில் ஓரத்தில் நின்று, வீடியோவில் சலீமிடம் சுற்றிவளைக்காமல் சொன்னாள். "அண்ணே, அந்தப் படம் தப்பு. ஏந் தப்புதான். பெரியம்மா ரூம் மேக்க பாத்து இருக்கு. காலை வெயில் வராது."

சலீமுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் உயர்ந்தது. "ஊரு பூராவும் காட்டிட்டேனே! இப்ப வந்து சொல்லுதீய!"

"இப்பச் சொன்னா கோட்டத்தான் அழிக்கணும். அப்புறம் சொன்னா செவர இடிக்கணும். முன்னால, கெழக்க ரோட்டுப் பக்கம் இருக்க ஹாலும் இந்த ரூமும் இடம் மாறுனா வெயில் வந்துரும். பாண்டியராஜ் அண்ணாச்சி வரைஞ்சு தாரேன்னுட்டாவ."

"உம்மாவ முன்னால படுக்கவச்சா வாரவன் போறவன்லாம் பாப்பானே. வீட்டுக்கு ஒரு மரியாத வேண்டாமா? அந்த ரூமே இருக்கட்டும். லைட்டு கூட ரெண்டு போட்டுக்கலாம்."

முஹ்ஸினா போனை வாங்கிக்கொண்டாள். "லைட்டுல மெத்த காயுமா? மேக்க ரூம்னா சாரல் மாசம் பூராவும் நசநசன்னு கெடக்கும். மாமி முதுகு என்னத்துக்காகும்? நீங்க அங்கன இருந்து சொல்லிட்டு வச்சிருவீய. பொரட்டுதவ நானு."

அதுவரை அலிமாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு வாய் கொஞ்சம் கோணியிருந்தது, பேச்சு கோணவில்லை.

"ஏலே சலீமு."

"சொல்லுங்கம்மா."

"நான் என்ன களவாண்டுட்டா வந்து படுத்துக் கெடக்கேன், ஒளிச்சு வைக்கதுக்கு?"

"அதுக்குச் சொல்லலம்மா..."

"வாரவன் பாத்தா பாத்துட்டுப் போறான். நானும் அவனப் பாப்பேன்லா? ரெண்டு வருசமா இந்த ஃபேனத்தான் பாத்துட்டுக் கெடக்கேன். அது சுத்துது, நிக்குது. வேற ஒண்ணும் செய்ய மாட்டேங்கு."

"மலை வேண்டாமாம்மா?"

"மலைய நீ வந்து ஹால்ல உக்காந்து பாரு."

வலைத்தொடர்பு போய்விட்டதோ என்று முஹ்ஸினா போனை ஆட்டிப் பார்த்தாள். கடைசியில் சலீம், "ஜன்னலுக்கு நல்ல கர்ட்டனாப் போடச் சொல்லுங்க தங்கச்சி" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

திங்கட்கிழமை தோண்டவில்லை. சுண்ணாம்புக் கோடு சாரலில் பாதி தானாகவே அழிந்திருந்தது. பாண்டியராஜ் திட்டிக்கொண்டே புதிதாக வரைந்தார். வரைபடத்தின் ஓரத்தில் அம்புக்குறி போட்டு, வடக்கு என்று எழுதாமல் 'மலை இந்தப் பக்கம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினார். அலுவலகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை.

இந்தத் தடவை அனுசியா சூரியனைக் கையால் தொடவில்லை. ஊரையும் மாதத்தையும் நேரத்தையும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். வெயில் ஜன்னல் வழியாக வந்து கட்டிலில் பாதிவரைக்கும்தான் விழுந்தது. அதை அப்படியே விட்டாள். கட்டிலைச் சுவரோடு ஒட்டாமல், இரண்டு பக்கமும் ஆள் நின்று புரட்ட இடம் விட்டாள். அதை யாரும் கேட்கவில்லை.

"முழங்காலு வரைக்கும்தான் வருது" என்றாள் முஹ்ஸினா, படத்தைப் பார்த்துவிட்டு. "பரவாயில்ல. கட்டில நவுத்திக்கிடலாம்."

அலிமா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். "வெயிலு சரி. ரோட்டுல ஒரு ஆளக் காணோமே?"

"எங்கிட்ட அந்த வெள்ளைக்காரிதான் பெரியம்மா இருக்கா. ஒங்க மருமவளுக்குப் பிடிக்கல."

"டவுசருதான, போட்டா போட்டுட்டுப் போறா. அவளையே விடு. யாராச்சும் ஒருத்தி போயிட்டு வரட்டும்."

அனுசியா அலுவலகத்துக்குத் திரும்பி அந்த வெள்ளைக்காரியைத் தேடியெடுத்து ரோட்டில் ஓடவிட்டாள். காலை வெயிலில் அவளுடைய நிழல் வீட்டைப் பார்த்து, மலைப்பக்கமாக நீண்டு விழுந்தது.