மானுக்குக் கொடுக்க இறங்கியவள்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. காலையில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே நெடுஞ்சாலையில் ஏறினோம். மகள் பள்ளிக்கூடத்தோடு போய்ப் பார்த்த மிருகப் பூங்காவை எங்களுக்கும் காட்டவேண்டும் என்று கோடை முழுக்க நச்சரித்திருந்தாள். மொன்றியலிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கும் மேலான ஓட்டம். அங்கே காட்டுக்குள்ளேயே காரை மெதுவாக ஓட்டலாம். மிருகங்கள் ஜன்னலடிக்கு வரும், கரட் கொடுக்கலாம். காரை விட்டு மட்டும் இறங்கக்கூடாது. வாசலில் சீட்டுக் கொடுத்த பெண் அதைப் பிரெஞ்சில் சொன்னாள், மகள் தமிழில் சொன்னாள், மனைவி தலையாட்டினாள்.

உள்ளே எல்க்குகளும் மான்களும் ஒரே வெளியில் நின்றன. எல்க் என்பது ஊரில் வன்னிக் காட்டில் திரிகிற மரையைவிடப் பெரிய மான். குதிரையளவு உயரம், ஆணின் கொம்பு பட்டமரம்போல் கிளைவிட்டிருக்கும். அவை வெளியின் நடுவில் புல் மேய்ந்தன. மான்கள் பைன் மரங்களின் ஓரமாகத் தளிரையும் இலையையும் கடித்துக்கொண்டு நின்றன.

"பாத்தீரே, எவ்வளவு ஒற்றுமை," என்றேன்.

"எங்கட பில்டிங்கில இல்லாத ஒற்றுமை," என்றாள் மனைவி.

காரில் மகளுக்குக் குமட்டும் என்பதால் மனைவி பின்னால், எனக்கு நேர் பின்னுள்ள இருக்கையில், மகளோடு இருந்தாள். அவள் பக்கத்து ஜன்னலடிக்கு ஒரு பெண் மான் வந்தது. மெலிந்த முகம், ஈர மூக்கு. மனைவி கைகூப்பினாள்.

"வள்ளியம்மையைப் பெத்த சாதியப்பா இது," என்று என்னிடம் மெல்லச் சொன்னாள்.

நான் காரை நிறுத்தினேன். மகள் மறுபக்க ஜன்னலால் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என் பின்னால் பெல்ட் கழன்ற சத்தமும், கதவு திறந்த சத்தமும் கேட்டன. திரும்பிப் பார்த்தபோது அவள் கோயில் சேலையோடு வெளியே நின்று, குனிந்து, மானுக்குக் கரட் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏறும், உடன ஏறும்," என்றேன்.

"ஒண்டே ஒண்டு," என்றாள்.

அப்போது காரின் பின்புறமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. கீச்சென்று தொடங்கி விசில்போல நீண்டது. அந்தச் சத்தத்தை அவ்வளவு பெரிய உடம்பு போடும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஆண் எல்க் ஒன்று காரை உரசிக்கொண்டு வந்தது. அதன் கொம்பு திறந்திருந்த கதவில் இடித்தது. கதவு அறைந்து மூடியது. அவள் வெளியே. நான் என் கதவைத் தள்ளினேன். அது எல்க்கின் விலாவில் முட்டி நின்றது, திறக்கவில்லை. கண்ணாடி முழுக்க அதன் மயிரும் மூச்சின் புகையும்தான் தெரிந்தன.

முருகா என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை. தினமும் சொல்லுகிற பெயர் அது. இருந்த இடத்தில் இல்லாமல் போய்விட்டது.

ஹோர்னில் கை வைத்தேன். "வேண்டாம் அப்பா, அதுக்குக் கோபம் வரும்," என்று மகள் என் தோளைப் பிடித்தாள்.

மறுபடி மனைவி தெரிந்தபோது அவள் காரிலிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தாள். ஓடவில்லை. அந்தப் பெண் மான் எல்க் வந்ததுமே தலையைத் தாழ்த்திக்கொண்டு, அதன் வழியை விட்டுப் பக்கவாட்டில் பைன் மரங்களுக்கு நடந்திருந்தது. அவளும் கரட்டுகளை அப்படியே கீழே போட்டுவிட்டு, எல்க்கை நிமிர்ந்து பாராமல், மான் போன தடத்தில் போய் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றாள். எல்க் கரட்டைத் தின்றது. பிறகு கொம்பால் தரையைக் கிளறியது. எங்கள் காரின் பக்கத்தைக் குத்தியது. கார் ஆடியது. அவள் நின்ற பக்கம் அது திரும்பக்கூடாதே என்பது மட்டுமே எனக்குள் இருந்தது. மான்கள் அவளைச் சுற்றி இலை கடித்துக்கொண்டிருந்தன.

பூங்காக் காவலரின் பிக்கப் வாகனம் எங்கிருந்தோ வந்து குறுக்கே நின்றது. அவளை ஏற்றிக்கொண்டு அடுத்த வளைவுவரை போய், பின்னால் வந்த எங்கள் காரில் விட்டார். பிறகு பிரெஞ்சில் ஏசினார்.

"என்னவாம்?" என்று மனைவி மகளைக் கேட்டாள்.

"உங்களுக்கு மூளை இல்லையாம்."

"வேற?"

"எல்க் புல்லுத் திங்குமாம், மான் இலை திங்குமாம். அதாலதான் ஒரே இடத்தில இருக்குதுகளாம். ஆனா மான் ஒருநாளும் எல்க்கின்ர வழியில நிக்காதாம். இந்த மாசம் ஆண் எல்க்குக்குச் சோடி தேடுற வெறியாம். காரெண்டும் பாராதாம், ஆளெண்டும் பாராதாம்."

"அதைத்தானே மான் எனக்குக் காட்டினது," என்றாள் மனைவி. "அது போன பக்கம் போனன். எங்க நிக்கலாமெண்டு அதுக்குத் தெரியும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். வழியில் பெற்றோல் நிலையத்தில் நான் வாங்கிக் கொடுத்த தேநீரை வைத்துவிட்டு, சேலையில் ஒட்டியிருந்த பைன் ஊசிகளைப் பொறுக்கினாள்.

"ஏனப்பா இறங்கினனீர்?" என்று கேட்டேன்.

"கண்ணாடி பாதிதான் இறங்கினது. எனக்கு ஜன்னல் இடக்கைப் பக்கம். வலக்கையைத் திருப்பி நீட்டினா எட்டயில்லை." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கோயிலால வந்த கையோட, இடக்கையாலயோ குடுக்கச் சொல்லுறியள்?"

எனக்கு அங்கேதான் பயம் பிடித்தது. அந்தக் கொம்பைப் பார்த்தபோதுகூட அப்படி இல்லை. இதற்காகவா இவளை இழக்கப் பார்த்தேன்? கேட்டது சரியான கேள்வி. அவளிடத்தில் நான் இருந்திருந்தாலும் இறங்கியிருப்பேன்.

கார் ஓடத் தொடங்கி வெகுநேரம் கழித்து, "இனி இடக்கையாலயே குடும். முருகன் கோவிக்கமாட்டார்," என்றேன்.

"உங்களிட்டச் சொன்னவரோ?"

"இல்லை."

மகள் தாயின் தோளில் சாய்ந்து தூங்கியிருந்தாள். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் மனைவியின் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவள் ஒருமுறை, "முன்னுக்குப் பாத்து ஓடுங்கோ," என்றாள்.