குடைக்கு நிழலில்லாத மதியம்

உச்சி வெயிலில் குடையை மடக்கித் தரையில் செங்குத்தாக நிறுத்தி, பக்கத்தில் தலை காய நிற்கும் முட்டாள் நான்தான். மட்டாஞ்சேரி இஞ்சிக் கிடங்கு வாசல், ஏப்ரல் மாதம். குடைக்கு நிழலே இல்லை. இப்படி இரண்டு ஊர் நிழல்களை ஒப்பிட்டே பூமியின் சுற்றளவைச் சொன்னவர் எரடோஸ்தனிஸ் என்ற பழங்காலக் கிரேக்கர். டெல்லி நிழலை அளக்க வேண்டியவள், அங்கே மாற்றலாகிப் போன என் மனைவி. 'சாப்பிட்டீங்களா'வோடு போனை வைத்துவிடுகிறவள், இதைச் சாக்கிட்டாவது கொஞ்சம் பேசுவாள் என்பது என் கணக்கு.

"எந்தா அண்ணே, இந்தக் கூத்து?" என்கிறார் சாயாக்கடைக்காரர்.

"என் பொண்டாட்டி எவ்வளவு தூரத்துல இருக்கான்னு அளக்கறேன்."

"ரயில் டிக்கெட்டுல போட்டிருக்குமே!"

அசடு வழிய அவளை அழைத்து, நிழல் எவ்வளவு நீளம் என்று கேட்கிறேன்.

"இங்க ஒரே மேகம்."