காய்ந்திருந்த படி

ஸ்கொத்லாந்துக்காரர் விழுந்த சத்தம் அரிசி மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிப் போட்ட சத்தம் போல இருந்தது. நான் நான்காம் மாடியில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தேன். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், பளிங்குப் படியொன்றில் அவர் குந்தியிருந்தார். இடது முழங்காலை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார். கத்தவில்லை. பல்லைக் கடித்தபடி தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ஈரத் துணியைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்குள் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உதைபந்தாட்டக் களத்தில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அதுதான் என்பார்கள். கால் மெதுவானது, ஆனால் பந்து எங்கே வரப்போகிறது என்பது மற்றவர்களுக்கு முன்னமே அவருக்குத் தெரிந்துவிடும்.

பலேர்மோவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் இருந்த அந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்கு லிப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் குடியிருந்த சிஞ்ஞோராவுக்குத்தான் கட்டடம் சொந்தம். படிகளைக் கழுவுவது என் வேலை. என் மனைவி சிஞ்ஞோராவின் வீட்டைத் துப்புரவாக்கி, மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்த ஸ்கொத்லாந்துக்காரரின் சேட்டுகளையும் அயன் பண்ணிக் கொடுப்பாள். எங்கள் இருவருடைய வேலைப் பத்திரங்களும் அந்த ஒரு பெண்மணியின் கையெழுத்தில் இருந்தன. அவற்றைக் காட்டித்தான் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிப்போம். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் நாட்டில் இருப்பதே கேள்விதான்.

ஸ்கொத்லாந்துக்காரர் வரும்போது அவருக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். நாங்கள் குடியிருக்கும் போர்கோ வெக்கியோவில், சந்தை முனையிலிருக்கும் கடையில் கோப்பி குடிக்கிறவர்கள் நான் கேட்காமலே அவரது வரலாற்றை எனக்குச் சொன்னார்கள். சொந்த ஊர்க் கழகத்தில் மீசை முளைக்கும் முன்பே பின்வரிசையில் நின்றவராம். பிறகு இங்கிலாந்தில் எட்டு மாரிகாலம். கையில் அணித்தலைவர் பட்டி கட்டியிருக்கிறார், நாட்டுக்காகவும் சில தடவை ஆடியிருக்கிறார், மூக்கு இரண்டு தரம் உடைந்திருக்கிறது. கடைசிக் காலத்தில் இங்கே உள்ள கழகமொன்று, பின்வரிசையில் நின்ற பொடியன்களை அதட்டி நிறுத்த ஒரு மூத்தவர் வேண்டுமென்று அவரைக் கூட்டி வந்தது. மீன் விற்கிறவர்கள் அவரைச் சுவர் என்றார்கள். ஊர் அவரை நேசித்தது. நான் நேசிக்கவில்லை.

நான் வாய் திறந்து பேசத் தெரியாதவன். அதனால் எனக்கு வெறுப்பு மெதுவாகத்தான் ஊறும், ஊறினால் வற்றாது. பயிற்சி முடிந்து சரியாகப் படி ஈரமாக இருக்கும் நேரத்துக்கு அவர் வருவார். சப்பாத்தின் அடியில் இருந்த சேறு ஒவ்வொரு படியிலும் பதியும். ஓரமாக ஏறலாம், ஆனால் நடுவால்தான் ஏறுவார். நான் மறுபடி மேலேயிருந்து தொடங்குவேன். ஏதாவது தேவையென்றால் கதவுத் திறப்பால் இரும்புக் கைப்பிடியைத் தட்டுவார். அந்தச் சத்தம் ஐந்து மாடிக்கும் கேட்கும். நான் வாளியை வைத்துவிட்டு ஓடவேண்டும். கொலரில் ஒரு சின்னச் சுருக்கம் இருந்தால் என் மனைவி கொடுத்த சேட்டைக் கதவு வாசலிலேயே நிலத்தில் போட்டுவிட்டு உள்ளே போவார். அவள் குனிந்து எடுப்பாள். நான் படியிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பிக் கடையின் வாசலில் நின்று தொலைக்காட்சியில் அவரது ஆட்டத்தைப் பார்ப்பேன். வெறுக்கிற ஆளைப் பார்ப்பதிலும் ஒரு பசி இருக்கிறது. மத்தியஸ்தர் மறுபக்கம் திரும்பிய நேரம் பார்த்து எதிராளியின் சேட்டைப் பின்னால் பிடித்து இழுப்பார். ஆள் விழுவான். ஊதல் சத்தம் கேட்டதும் இவர் இரண்டு கைகளையும் உள்ளங்கை தெரிய உயர்த்திக்கொண்டு, அப்போதுதான் கோயிலிலிருந்து வந்தவர் போல நிற்பார். கடையில் இருந்தவர்கள் கை தட்டுவார்கள். ஒரு கிழவர் என் முதுகில் தட்டி, “பார்த்தாயா, இதுதான் தொழில். பிடிக்கவும் வேண்டும், பிடிக்கவில்லை என்றும் காட்டவேண்டும்” என்றார்.

அவரது முழங்கால் முடிந்துபோனது என்பது கழகத்து வைத்தியருக்கு முன்னமே எனக்குத் தெரியும். இதில் பெரிய அறிவொன்றும் இல்லை. ஈரப் படியில் நடக்கிறவரின் கால் எல்லாம் எழுத்துப் போலத் தெரியும். முதல் வருடம் அவரது இரண்டு சப்பாத்தும் முழுதாகப் பதிந்தன. இரண்டாம் வருடம் மாரி தொடங்கியதும் இடது காலின் முன்பக்கம் மட்டும் பதிந்தது. தை மாதமளவில் ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களின் அடையாளமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. வயதானவர்கள்தான் அப்படி இறங்குவார்கள். யாராவது வரும் சத்தம் கேட்டால் மட்டும் நிமிர்ந்து, ஒரு படிக்கு ஒரு கால் வைத்து இறங்குவார். நான் துடைத்துக்கொண்டே இதைக் கவனித்தேன், சந்தோஷமும் பட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

விழுந்த அன்று நான் பிந்தித்தான் தொடங்கியிருந்தேன். படி கழுவுகிறவர்கள் எப்போதும் மேலேயிருந்துதான் கீழே வருவார்கள். ஐந்தாம் மாடியை முடித்து நான்காம் மாடியில் நின்றேன். அவர் குந்தியிருந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கவில்லை. சிஞ்ஞோரா சத்தம் கேட்டு மேலே ஏறி வந்தார். ஸ்கொத்லாந்துக்காரர் என்னைக் கையால் காட்டி, “தண்ணீர், தண்ணீர்” என்றார். நான் ஈரத் துணியோடு மேலேயே நின்றேன்.

அன்று பின்னேரம் ஸ்கொத்லாந்துக்காரர் கீழே வந்தார். படிக்கட்டுக்கு அடியில் வாளியும் தும்புத்தடியும் வைக்கும் சிறு அறைக்குள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரது இத்தாலியனும் என்னுடையது போல உடைந்ததுதான்.

“நாளைக்குக் கழகத்து ஆள் வருவார். படி ஈரம் என்று சொல்.”

“ஈரமில்லை” என்றேன்.

“தெரியும். முழங்கால் தானாகப் போனது என்றால் நான் முடிந்தேன், அடுத்த வருடம் எனக்கு இல்லை. தண்ணீரால் போனது என்றால் காத்திருப்பார்கள். உனக்கு ஒன்றும் வராது. சிஞ்ஞோராவோடு நான் கதைக்கிறேன். வாக்கு.”

அப்படிச் சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரிய கை, சூடாக இருந்தது. அந்தக் கட்டடத்தில் அதுவரை என் கையை ஒருவரும் குலுக்கியதில்லை. நான் தலையாட்டினேன். ஏன் தலையாட்டினேன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டிருக்கிறேன். பயம் பாதி. மற்றப் பாதி அந்தக் கை என்பதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் கழகத்து ஆள் ஒரு தாளோடு வந்தார். சிஞ்ஞோராவும் வாசலில் நின்றார். “படி ஈரமாக இருந்ததா?” என்று ஒரே கேள்விதான். நான் ஆம் என்றேன். அவர் எழுதினார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், தமிழ்த் தாளையே விரல் வைத்துத்தான் வாசிப்பேன். அந்த இத்தாலியன் தாளில் அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஸ்கொத்லாந்துக்காரர் அந்த நேரம் முழுவதும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கிழமை கழித்து, மாத முடிவோடு எங்கள் இருவரையும் வேலையிலிருந்து நிற்கச் சொன்னார் சிஞ்ஞோரா. நான் முதலாம் மாடியில் காத்திருந்து, ஊன்றுகோலோடு இறங்கிய ஸ்கொத்லாந்துக்காரரிடம், “சிஞ்ஞோரா போகச் சொல்லிவிட்டார், நீங்கள் கதைக்கவில்லையா?” என்று கேட்டேன். அவர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் உள்ளங்கை தெரிய உயர்த்தினார். களத்தில் உயர்த்துவாரே, அதே மாதிரி. பிறகு என்னைத் தாண்டி, படியின் நடுவால் இறங்கிப் போனார்.

பெர்மெஸ்ஸோ பிந்தியது. இரண்டு பேரும் அரை வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். பிறகு துறைமுகத்தில், நாப்போலிக்குப் போகும் கப்பல்களின் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. இப்போதும் அதுதான். ஆனால் கதை எனக்கு முன்னமே அங்கே போய்விட்டது. எங்கள் ஆட்கள் என்னைக் கண்டால், “அண்ணை, பாத்துத் தண்ணி ஊத்துங்கோ, நாங்களும் பந்தடிக்கிற ஆக்கள்” என்பார்கள். வீட்டில் என் மனைவி, “ஒரு துணியைப் பிழியத் தெரியாத மனுசனாலை ரெண்டு பேரின்ரை வேலையும் போச்சு” என்பாள். அவளுக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. வேலை தெரியாதவன் என்ற பேரோடு இருக்கலாம், கை குலுக்கியதற்காக வேலையை விட்டுக்கொடுத்தவன் என்ற பேரோடு இருக்க முடியாது என்று நினைத்தேன்.

அந்தப் பொய் அவருக்கும் நெடுநாள் உதவவில்லை. கழகம் ஒரு வருடம் காத்திருந்தது. அரைவாசி நாள் களத்துக்கு வெளியே வாங்கில் குந்தியிருந்தார், ஓரிரு ஆட்டம் நொண்டினார், பிறகு ஊருக்குப் போய்விட்டார். கேள்விப்பட்டபோது எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டுமென்று தேடியும் பார்த்தேன். இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். என் மனைவி தண்ணீர்க் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. போனோடு என்னிடம் வந்தாள்.

“அப்பா, இந்த ஆள் பலேர்மோ எண்டு சொல்லுறார். நீங்கள் படி கழுவின பலாஸ்ஸோவிலை இருந்த ஆளோ?”

போனில் ஸ்கொத்லாந்துக்காரர். தலை நரைத்திருந்தது. உடம்பு பருத்திருந்தது. மூக்கு அதே மூக்கு. ஒரு மண்டபத்தில் ஆட்களுக்கு முன்னால் இருந்து தன் விளையாட்டு வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சனம் சிரித்தது.

“என்னவாம்?” என்றேன்.

“தன்ரை முழங்காலை முடிச்சது எந்த விளையாட்டுக்காரனும் இல்லையாம். பலேர்மோவிலை ஒரு கிளீனராம். சோப்புத் தண்ணியைப் படியெல்லாம் ஊத்திப்போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டவனாம். அந்த ஒரு வாளித் தண்ணி இல்லாட்டி இன்னும் மூண்டு வருசம் விளையாடியிருப்பாராம்.”

குழாயடியிலிருந்து மனைவி சொன்னாள்: “அந்தக் கிளீனரைத் தேடி எங்கையும் போகாதை. உன்ரை கொப்பர்தான்.”

மகள் என் முகத்தைப் பார்த்தாள். “மெய்யோ அப்பா?”

வழக்கமாக நான் இந்த இடத்தில் சிரித்துவிட்டு எழுந்து போவேன். அன்றைக்குப் போனில் அந்தச் சனம் சிரித்தது காதில் இருந்தது.

“படி காய்ஞ்சு கிடந்தது” என்றேன். “நான் நாலாம் மாடியிலை நிண்டனான். அவர் சொல்லச் சொன்னவர், நான் ஓம் எண்டனான்.”

குழாய்ச் சத்தம் நின்றது. மனைவி கையில் செதிளோடு வந்து நின்றாள்.

“திருப்பிச் சொல்லுங்கோ.”

சொன்னேன். கை குலுக்கியதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கையிலிருந்த செதிளைத் துடைத்தாள்.

“இவ்வளவு காலமும் நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்.”

“வெக்கமாக் கிடந்தது.”

“எனக்கு இப்ப யாரைப் பேசிறதெண்டு தெரியேல்லை. உங்களையோ, அவனையோ.” பிறகு மகளிடம் திரும்பினாள். “திருப்பிப் போடு அதை.”

மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. இருந்தும் கடைசிவரை பார்த்தாள். “கொலர் சுருங்கிக் கிடக்கு. ஒருத்தரும் அயன் பண்ணிக் குடுக்கேல்லைப் போலை” என்றாள். மீனுக்குத் திரும்பிப் போகும்போது என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “நாளைக்குச் சிஞ்ஞோராவிட்டைப் போறம். வாயைத் திறந்து நீங்கள்தான் சொல்லவேணும். நான் பக்கத்திலை நிப்பன்.”

போனோம். சிஞ்ஞோரா நன்றாகத் தளர்ந்துவிட்டார், ஆனால் எங்களை உடனே அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டு இருத்தினார். மகளைப் பற்றி விசாரித்தார். கோப்பி ஊற்றி எங்கள் முன்னால் வைத்தார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுகொண்டேன். இருந்தபடி சொல்ல எனக்கு வரவில்லை.

“சிஞ்ஞோரா, அவர் விழுந்த அன்றைக்குப் படி காய்ந்திருந்தது.”

அவர் சீனியைக் கலக்குவதை நிறுத்தவில்லை.

“தெரியும்” என்றார். “துணிச் செருப்போடுதானே மேலே ஏறி வந்தேன். செருப்பு நனையவில்லை.”

என் மனைவி இத்தாலியனில் கேட்டாள்: “தெரிந்துகொண்டுமா எங்களை நிறுத்தினீர்கள்?”

“நான் என்ன செய்வது? எல்லோர் முன்னாலும் ஆம் என்றது உன் கணவன்தானே. தாளில் கையெழுத்தும் போட்டான். மற்ற வீட்டுக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?” பிறகு, கோபமே இல்லாமல், எங்களுக்கு ஆறுதல் சொல்வது போல, “அவரும் பாவம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எனக்கு முன்வரிசையில் இடம் பிடித்துத் தருவார்” என்றார்.

மனைவி எழுந்தாள். என்னிடம் தமிழில் சொன்னாள்: “குடிச்சிட்டு வாறதெண்டா ஆறுதலாக் குடிச்சிட்டு வாங்கோ. நான் கீழை நிக்கிறன்.” கதவு சாத்திய சத்தம் கேட்டது.

“என்ன சொல்கிறாள்?” என்று கேட்டார் சிஞ்ஞோரா. என் கோப்பையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வைத்தார். அந்த வீட்டில் தந்த எதையும் நான் அதுவரை மறுத்ததில்லை.

“கோப்பி வேண்டாம் என்கிறாள்” என்றேன். “எனக்கும் வேண்டாம்.”

அவர் என் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். மனைவி கீழே போயிருக்கவில்லை. வாசலிலேயே கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

“குடிச்சியளோ?”

“இல்லை.”

“சரி, வாங்கோ” என்றாள்.